சிவிஏடியில் ரோல், அனுமதிச் சிக்கல்கள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

சிவிஏடி (CVAT) என்ற படக் குறியீட்டுக் கருவியில், புதிதாகச் சேர்ந்த அனொட்டேட்டருக்கு (படங்களில் குறியிடுபவர்) ஜாப் (அவருக்கான வேலைப் பகுதி) தெரியவில்லை என்றதும் பல குழுக்களில் உடனே நடப்பது ஒன்றுதான்: அவரை அட்மின் குழுவில் சேர்த்துவிடுவார்கள். ஜாப் தெரிந்துவிடும், வேலையும் ஓடும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து எல்லா வாடிக்கையாளரின் எல்லாப் படங்களையும் அவர் பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். நோயாளியின் ஸ்கேன் படமோ, முகம் தெரியும் சாலைக் காட்சியோ அந்தச் சர்வரில் இருந்தால் இது சாதாரண விஷயமில்லை. இத்தனைக்கும் பெரும்பாலான நேரங்களில் குறை ரோலிலேயே இருக்காது. வேறொரு இடத்தில் ஒரு கிளிக் போதும்.

இங்கே சொல்வது சொந்தச் சர்வரில் டாக்கர் கம்போஸ் (கன்டெய்னர் எனப்படும் தனித்தனி மென்பொருள் பெட்டிகளைச் சேர்த்து ஓட்டும் கருவி) வழியாக நிறுவிய சிவிஏடிக்கு. இன்டெல் 2018-ல் திறந்த மூலமாக வெளியிட்ட கருவி இது. இதன் ஆர்கனைசேஷன் (ஒரு குழுவின் ஆட்களும் வேலைகளும் சேர்ந்திருக்கும் பொது இடம்) வசதியும் இப்போதைய அனுமதி முறையும் 2022-ல் வந்த 2.0 பதிப்போடு வந்தவை. அதற்கு முந்தைய பதிப்புக்கு எழுதிய குறிப்புகள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துச் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் மூன்று கதவுகள்

ஒருவர் ஒரு ஜாப்பைத் திறக்க வேண்டுமென்றால் மூன்று கதவுகளும் திறந்திருக்க வேண்டும்.

முதல் கதவு, சர்வர் முழுமைக்குமான குழு: அட்மின், யூசர், ஒர்க்கர். பழைய பதிப்புகளில் பிசினஸ் என்று இன்னொன்றும் உண்டு. இதை ஜாங்கோ அட்மின் என்ற சர்வர் நிர்வாகப் பக்கத்தில்தான் மாற்ற முடியும்.

இரண்டாவது, ஆர்கனைசேஷனுக்குள் உள்ள ரோல்: ஓனர், மெயின்டெய்னர், சூப்பர்வைசர், ஒர்க்கர். "ஒர்க்கர்" என்ற பெயர் இரண்டு இடத்திலும் வருவதைக் கவனியுங்கள். பேசும்போது எந்த ஒர்க்கர் என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால் பாதி நாள் வீண்.

மூன்றாவது, அந்தக் குறிப்பிட்ட பொருளோடு (புராஜெக்ட்டுக்குள் டாஸ்க், டாஸ்க்குக்குள் ஜாப்) அவருக்குள்ள உறவு: புராஜெக்ட்டையோ டாஸ்க்கையோ உருவாக்கியவரா, அல்லது புராஜெக்ட், டாஸ்க், ஜாப் இவற்றில் ஏதாவதொன்று அவர் பெயரில் அசைன் ஆகியிருக்கிறதா? (ஓனர், மெயின்டெய்னர், அட்மின் ஆகியோருக்கு மட்டும் இந்தக் கதவு தடையில்லை.)

முதல் இரண்டும் சேரும்போது எது கீழே இருக்கிறதோ அதுவே செல்லும். ஆர்கனைசேஷனில் சூப்பர்வைசராக உயர்த்தியும் டாஸ்க் உருவாக்கினால் அனுமதி இல்லை என்று வருகிறதா? சர்வர் குழுவில் அவர் ஒர்க்கராக இருக்கிறாரா என்று பாருங்கள். டாஸ்க் உருவாக்கச் சர்வர் குழு யூசராகவும், ஆர்கனைசேஷன் ரோல் சூப்பர்வைசராகவும் இருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் நடக்காது.

அறிகுறி: லாகின் ஆகிறது, பட்டியல் காலி

அதிகம் வரும் புகார் இதுதான். காரணங்களும் பல என்பதால் வரிசையாகப் பாருங்கள். வரிசை மாறினால் சரியாக இருப்பதைப் போய்க் கெடுத்துவிடுவீர்கள்.

அவருடைய திரையில் வலது மேல் மூலையைப் பாருங்கள். பயனர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஆர்கனைசேஷனின் குறும்பெயர் இருக்கிறதா? பெயர் மட்டும் இருந்து கீழே ஒன்றுமில்லை என்றால் அவர் "பெர்சனல் வொர்க்ஸ்பேஸ்" என்ற தனி இடத்தில் நிற்கிறார். ஆர்கனைசேஷனில் உள்ள எதுவும் அங்கே வராது. பெயரைக் கிளிக் செய்து, "ஆர்கனைசேஷன்" மெனுவில் உங்கள் குறும்பெயரைத் தேர்ந்தால் பக்கம் புதிதாக ஏறும். புது ஆட்களின் காலித்திரைப் புகாரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இதைத் திருத்த எந்த அனுமதியையும் தொட வேண்டியதில்லை.

அந்த மெனுவில் உங்கள் ஆர்கனைசேஷனே இல்லையா? அப்படியென்றால் அவர் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை. இன்வைட் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

சரியான இடத்தில்தான் நிற்கிறார், ஆனாலும் காலி என்றால், பட்டியலுக்கு மேலே வடிகட்டி ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். ஜாப் பக்கத்தையும் டாஸ்க் பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இன்னும் காலியா? இனி ஊகிக்க வேண்டாம், சர்வர் என்ன சொல்கிறது என்று நேராகவே கேட்கலாம். அவருடைய உலாவியில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜாப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஜாப் பட்டியலுக்கான கோரிக்கையைக் கிளிக் செய்து மூன்று விஷயங்களைப் படியுங்கள். முகவரியில் "ஆர்க்" என்ற அளவுருவுக்குப் பக்கத்தில் உங்கள் குறும்பெயர் இருக்கிறதா, பதிலின் எண் என்ன, பதிலுக்குள் "கவுன்ட்" எவ்வளவு.

எண் 200, கவுன்ட் பூஜ்யம் என்றால் சர்வர் அவரை மறுக்கவில்லை. "உங்கள் பெயரில் எதுவும் இல்லை" என்கிறது. மூன்றாவது கதவு மூடியிருக்கிறது. ஜாப்பை அசைன் செய்தால் போதும். எண் 403 என்றால் முதல் கதவிலேயே நிற்கிறார்; அவர் எந்தச் சர்வர் குழுவிலும் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். குழுவே இல்லாத பயனர் லாகின் செய்யலாம், ஆனால் டாஸ்க் பட்டியலைக்கூடப் பார்க்க முடியாது. ஜாங்கோ அட்மின் பக்கத்தில் அவர் பெயரைத் திறந்து, "குழுக்கள்" பகுதியில் இடப்பக்கப் பெட்டியிலிருந்து "யூசர்" அல்லது "ஒர்க்கர்" என்பதை வலப்பக்கப் பெட்டிக்கு நகர்த்தி, சேமியுங்கள். இடப்பக்கத்தில் வெறுமனே தேர்ந்து வைத்துவிட்டுச் சேமித்தால் ஒன்றும் பதியாது. அம்புக்குறியை அழுத்தி நகர்த்தியாக வேண்டும்.

500 வந்தால் அது இந்த ஒருவரின் சிக்கலே இல்லை. "எல்லோருக்கும் ஒரே நேரத்தில்" என்ற பகுதியைப் பாருங்கள்.

இன்னொரு சாத்தியம் எஞ்சியிருக்கிறது. மேலாளர் டாஸ்க்கை உருவாக்கும்போது அவரே பெர்சனல் வொர்க்ஸ்பேஸில் நின்றிருக்கலாம். அப்படி உருவான டாஸ்க் ஆர்கனைசேஷனுக்குச் சொந்தமில்லை; உறுப்பினர்களுக்கு அது அங்கே தெரியாது. எல்லாப் பதிப்பிலும் செல்லும் வழி: பெர்சனல் இடத்திலிருந்து அந்த டாஸ்க்கை "பேக்கப்" எடுங்கள், ஆர்கனைசேஷனுக்கு மாறுங்கள், கூட்டல் குறியை அழுத்தி "பேக்கப்பிலிருந்து உருவாக்கு" என்பதைத் தேர்ந்து அந்தக் கோப்பைக் கொடுங்கள். படங்களும் போட்ட அனொட்டேஷனும் வந்துவிடும். யார் யாருக்கு எந்த ஜாப் என்ற அசைன்மென்ட் வராது, டாஸ்க் எண்ணும் மாறிவிடும். ஆகவே பழைய டாஸ்க்கின் அசைனி பட்டியலைக் குறித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். புதியதில் எல்லாம் சரியென்று பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள். ஆனால் பழையதில் யாரும் வேலை செய்யாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு பிரதியில் இரண்டு விதமாக வேலை சேர்ந்துவிடும்.

அறிகுறி: அசைன் செய்யப் பெயரைத் தட்டினால் பட்டியலில் வரவில்லை

ஆர்கனைசேஷனுக்குள் நிற்கும்போது அசைனி பெட்டியில் அந்த ஆர்கனைசேஷன் உறுப்பினர்கள் மட்டுமே வருவார்கள். சர்வரில் கணக்கு இருப்பது போதாது. இன்னொன்று, தேடல் பயனர் பெயரை வைத்து நடக்கிறது. மின்னஞ்சலைத் தட்டிப் பார்த்துவிட்டு "ஆள் இல்லை" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆர்கனைசேஷன் அமைப்புப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து சரியான பயனர் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இன்வைட் அனுப்பினால் பிழை, அல்லது அனுப்பியும் ஆள் சேரவில்லை

சொந்தச் சர்வரில் மின்னஞ்சல் அமைப்பு இயல்பாகச் செய்யப்பட்டிருக்காது. அந்த நிலையில் கணக்கே இல்லாத மின்னஞ்சலுக்கு இன்வைட் போட்டால் மின்னஞ்சல் அமைக்கப்படவில்லை என்ற பிழை வரும். இதற்காக மின்னஞ்சல் சர்வர் அமைக்கும் வேலையில் இறங்க வேண்டியதில்லை. வரிசையை மாற்றுங்கள்: முதலில் அவர் பதிவுப் பக்கத்தில் கணக்கு தொடங்கட்டும். பிறகு அவர் பதிவு செய்த அதே மின்னஞ்சலை இட்டு இன்வைட் கொடுங்கள். அலுவலக முகவரியில் பதிவு செய்துவிட்டு, சொந்த முகவரியை உங்களுக்குச் சொல்பவர்கள் உண்டு. பதிவான முகவரி எது என்று ஜாங்கோ அட்மினில் பார்த்துவிட்டே இன்வைட் போடுங்கள்.

மின்னஞ்சல் அமைத்திருந்தால் காலக்கெடுவையும் கவனியுங்கள். இயல்பு அமைப்பில் இன்வைட் ஏழு நாள் செல்லும். ஒரு மாதத்துக்குப் பிறகு சேரப்போகும் ஆளுக்கு இன்றே அனுப்பி வைத்தால் பலனில்லை.

இன்வைட் படிவத்தில் மெயின்டெய்னர் ரோலைக் கொடுத்ததும் மறுப்பு வருகிறதா? கொடுப்பவர் தானே மெயின்டெய்னராக இருப்பார். மெயின்டெய்னரால் சூப்பர்வைசர், ஒர்க்கர் இருவரை மட்டுமே சேர்க்க முடியும். இன்னொரு மெயின்டெய்னர் வேண்டுமென்றால் ஓனர்தான் செய்ய வேண்டும். ஓனரை யாராலும் நீக்க முடியாது. ஆகவே ஆர்கனைசேஷனைத் தொடங்கும்போதே யோசியுங்கள். ஒப்பந்தத்தில் ஆறு மாதம் வேலைக்கு வந்தவரின் கணக்கில் ஓனர் பொறுப்பை வைத்துவிட்டால் பின்னால் பெரிய தொல்லை.

அறிகுறி: சூப்பர்வைசருக்கு மற்றவர் போட்ட டாஸ்க் தெரியவில்லை

இது பிழை இல்லை. பெயரைப் பார்த்து ஏமாறுகிறோம், அவ்வளவுதான். சூப்பர்வைசர் என்றால் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பவர் என்று தோன்றும். சிவிஏடியில் சூப்பர்வைசர் டாஸ்க், புராஜெக்ட் உருவாக்கலாம். பார்ப்பதோ, தான் உருவாக்கியதையும் தன் பெயரில் அசைன் ஆனதையும் மட்டுமே. ஆர்கனைசேஷன் முழுவதையும் பார்ப்பது மெயின்டெய்னரும் ஓனரும்தான்.

இதற்காக எல்லா சூப்பர்வைசரையும் மெயின்டெய்னர் ஆக்கத் தேவையில்லை. மெயின்டெய்னர் ஆட்களைச் சேர்க்கலாம், நீக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். வேலையைப் புராஜெக்ட் வாரியாகப் பிரித்து, அந்தந்தப் புராஜெக்ட்டின் அசைனியாக அந்தந்த சூப்பர்வைசரைப் போடுங்கள். புராஜெக்ட்டுக்குள் யார் டாஸ்க் உருவாக்கினாலும் அவருக்குத் தெரியும். பக்கத்துப் புராஜெக்ட் தெரியாது. இரண்டு வாடிக்கையாளரின் தரவு ஒரே சர்வரில் இருக்கும் இடத்தில் இந்த ஒழுங்கு மிகவும் முக்கியம். வாடிக்கையாளருக்கு ஒரு ஆர்கனைசேஷன் என்று பிரித்துவிட்டால் இன்னும் நல்லது.

அறிகுறி: ஒரே டாஸ்க்கை நான்கு பேருக்குப் பிரிக்க முடியவில்லை

ஒரு ஜாப்புக்கு ஒரு அசைனிதான். இரண்டாவது பெயரைப் போட்டால் முதல் பெயர் போய்விடும். அவருடைய பட்டியலிலிருந்து ஜாப் மறைந்துவிடும். "நேற்று இருந்த ஜாப் இன்று காணோம்" என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

பிரிக்க வேண்டுமென்றால் டாஸ்க் உருவாக்கும் படிவத்தில், மேம்பட்ட அமைப்பில் உள்ள "செக்மென்ட் சைஸ்" பெட்டியை நிரப்ப வேண்டும். 1000 படம் இருந்து செக்மென்ட் சைஸ் 100 என்று போட்டால் 10 ஜாப் உருவாகும், ஆளுக்கு இரண்டோ மூன்றோ கொடுக்கலாம். பெட்டியைக் காலியாக விட்டுவிட்டுப் பிறகு வந்து மாற்ற முடியாது. டாஸ்க்கைத் திரும்ப உருவாக்க வேண்டியதுதான். அதனால் எத்தனை பேர் வேலை செய்யப்போகிறார்கள் என்பது டாஸ்க் போடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளில் முடிக்கும் அளவுக்கு ஒரு ஜாப் என்று வைத்தால் கைமாற்றவும் எளிது, ஒருவர் விடுப்பு எடுத்தாலும் பாதி வேலை பூட்டிக் கிடக்காது.

அறிகுறி: ஜாப் திறக்கிறது, ஆனால் ஸ்டேஜ் மாற்ற முடியவில்லை

ஜாப்புக்கு இரண்டு அடையாளம் உண்டு. ஸ்டேஜ் என்பது அனொட்டேஷன், வேலிடேஷன், அக்செப்டன்ஸ் என்ற மூன்று கட்டம். ஸ்டேட் என்பது அந்தக் கட்டத்துக்குள் நிலைமை: நியூ, இன் புரோகிரஸ், கம்ப்ளீட்டட், ரிஜெக்டட். ஜாப் அசைனி ஸ்டேட்டை மாற்றலாம். ஸ்டேஜையும் அசைனியையும் மாற்றுவது டாஸ்க் அல்லது புராஜெக்ட்டின் பொறுப்பாளர் (அதை உருவாக்கியவர் அல்லது அதன் அசைனி) வேலை, அல்லது மெயின்டெய்னர் வேலை. ஜாப் மட்டும் கையில் இருப்பவருக்கு அது வராது, வரவும் கூடாது. தன் வேலையைத் தானே சரிபார்த்து அக்செப்டன்ஸுக்குத் தள்ளிக்கொள்ள முடிந்தால் சரிபார்ப்புக்கு அர்த்தமே இல்லை.

ஓட்டம் இப்படி இருக்கட்டும். அனொட்டேட்டர் மெனுவில் "ஃபினிஷ் த ஜாப்" கொடுக்கிறார். ஸ்டேட் கம்ப்ளீட்டட் ஆகிறது. பொறுப்பாளர் ஸ்டேஜை வேலிடேஷன் என்று மாற்றி, அசைனியாகச் சரிபார்ப்பவரைப் போடுகிறார். சரிபார்ப்பவர் ஜாப்பைத் திறந்து, மேலே வலப்பக்கம் "ரிவ்யூ" பார்வையில் இருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டு, தவறு உள்ள இடத்தில் இஷ்யூ (பிழைக் குறிப்பு) திறக்கிறார். திருத்த வேண்டியது இருந்தால் ஸ்டேட்டை ரிஜெக்டட் ஆக்குகிறார். பொறுப்பாளர் ஸ்டேஜை மறுபடி அனொட்டேஷனுக்கு இறக்கி, பழைய அனொட்டேட்டர் பெயரைப் போடுகிறார்.

இதில் தவறுவது கடைசிப் படி. ஸ்டேஜை இறக்கிவிட்டு அசைனியை மாற்ற மறந்துவிடுவார்கள். ஜாப் சரிபார்ப்பவர் பெயரிலேயே கிடக்கும். அனொட்டேட்டருக்கு அது தெரியவே தெரியாது, அவரும் அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு இந்த மறதி நேரடி நஷ்டம். வாரத்துக்கு ஒருமுறையாவது, ஸ்டேஜ் அனொட்டேஷன் என்று வடிகட்டி, அசைனி யார் என்று பாருங்கள்.

அறிகுறி: சூப்பர்யூசர் டிக் போட்டும் மற்றவர் டாஸ்க் தெரியவில்லை

ஜாங்கோ அட்மினில் ஒருவரின் பக்கத்தில் "ஸ்டாஃப்", "சூப்பர்யூசர்" என்று இரண்டு டிக் இருக்கும். ஸ்டாஃப் டிக் அட்மின் பக்கத்துக்குள் நுழைய விடும். சூப்பர்யூசர் டிக் அங்கே எல்லாவற்றையும் மாற்ற விடும். சிவிஏடியின் அனுமதி விதிகளோ குழுவைத்தான் பார்க்கின்றன. வலப்பக்கப் பெட்டியில் "அட்மின்" குழு இல்லையென்றால் இரண்டு டிக் இருந்தும் அவர் சாதாரணப் பயனரே. சேமித்த பிறகு அதே பக்கத்தை மறுபடி திறந்து, குழு உண்மையிலேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புது நிறுவலில் அட்மின் பக்கத்துக்குள் நுழையவே ஒருவரும் இல்லையென்றால், சர்வர் கன்டெய்னருக்குள் போய் ஜாங்கோவின் "கிரியேட்சூப்பர்யூசர்" கட்டளையை ஓட்டுங்கள். கடவுச்சொல் மறந்தால் அதே இடத்தில் "சேஞ்ச்பாஸ்வேர்ட்" கட்டளை. இந்தக் கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். இதில் நின்று பார்த்தால் எல்லாமே திறக்கும். அனொட்டேட்டருக்கு என்ன தெரிகிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். சோதனைக்கென்று ஆர்கனைசேஷனில் ஒர்க்கர் ரோலோடு ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதில் லாகின் செய்து பாருங்கள்.

அறிகுறி: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எதுவும் திறக்கவில்லை

ஒருவருக்கு என்றால் அனுமதி, எல்லோருக்கும் என்றால் சர்வர். சிவிஏடி அனுமதி முடிவுகளைத் தானே எடுப்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓபன் பாலிசி ஏஜென்ட் (ஓபிஏ) என்ற தனிக் கன்டெய்னரைக் கேட்கிறது. அது நின்றுவிட்டால் அட்மினுக்கும் சேர்த்து எல்லாமே பிழை. ஓடும் கன்டெய்னர்களின் பட்டியலில் சிவிஏடி_ஓபிஏ இருக்கிறதா என்று பாருங்கள்.

இருக்கிறது, ஆனாலும் பிழை என்றால் அதன் பதிவேட்டைப் படியுங்கள். விதிகளை அது சிவிஏடி சர்வரிடமிருந்தே இறக்கிக்கொள்கிறது. இயல்பு அமைப்பில் 5 முதல் 15 நொடிக்கு ஒருமுறை கேட்கும். தொடங்கிய உடனே "பண்டில் லோட் ஃபெயில்ட்" (விதித் தொகுப்பு ஏறவில்லை) என்று சில வரி வருவது சகஜம், ஏனென்றால் சர்வர் இன்னும் எழுந்திருக்காது. சிறிது நேரத்தில் "பண்டில் லோடட் அண்ட் ஆக்டிவேட்டட் சக்சஸ்ஃபுல்லி" என்று வர வேண்டும். அது வராமல் தோல்வி வரியே தொடர்ந்தால் இரண்டு கன்டெய்னருக்கும் நடுவில் பேச்சு அறுந்திருக்கிறது.

அலுவலக வலையமைப்பில் புராக்ஸி இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல். புராக்ஸி மாறியை அமைத்ததும், சர்வர் தன் பக்கத்திலேயே இருக்கும் ஓபிஏவுக்குப் போக வேண்டிய கோரிக்கையையும் புராக்ஸிக்கு அனுப்பிவிடும். புராக்ஸிக்கு அந்தப் பெயரே தெரியாது. "நோ_புராக்ஸி" பட்டியலில் ஓபிஏ, கிளிக்ஹவுஸ், வெக்டார், கிராஃபானா, நியூக்ளியோ ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்போஸ் கோப்பு இவற்றை ஏற்கெனவே சேர்த்துத்தான் வருகிறது. யாராவது அந்த வரியைத் தங்கள் பட்டியலால் மாற்றி எழுதியிருந்தால் சிக்கல். திருத்திய பிறகு கன்டெய்னரை வெறும் ரீஸ்டார்ட் செய்தால் புது மாறி ஏறாது. கம்போஸ் "அப்" கட்டளையால் திரும்ப உருவாக்க வேண்டும்.

அறிகுறி: சர்வர் கணினியில் திறக்கிறது, மற்ற கணினியில் 404

இதற்கும் ரோலுக்கும் சம்பந்தமே இல்லை. "சிவிஏடி_ஹோஸ்ட்" மாறி அமைக்கப்படாவிட்டால் முன்னால் நிற்கும் டிராஃபிக் (Traefik) என்ற வழிகாட்டி, லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் வருவதை மட்டுமே உள்ளே விடும். ஐபி முகவரியில் வருபவருக்கு வெள்ளைத் திரையில் 404. மாறியில் ஐபியையோ டொமைன் பெயரையோ கொடுத்து, கம்போஸை இறக்கி ஏற்றுங்கள். பயனர்கள் அதே பெயரில்தான் வர வேண்டும். பெயரை அமைத்துவிட்டு ஐபியில் வந்தால் மறுபடி அதே 404.

அறிகுறி: திரையில் தெரிவது ஸ்கிரிப்டில் வரவில்லை

கோரிக்கையில் ஆர்கனைசேஷனைச் சொல்லவில்லை. "எக்ஸ்-ஆர்கனைசேஷன்" தலைப்பில் அதன் குறும்பெயரைக் கொடுங்கள்; முழுப் பெயரை அல்ல. பைத்தான் எஸ்டிகே பயன்படுத்தினால் கிளையன்ட்டின் "ஆர்கனைசேஷன்_ஸ்லக்" பண்பில் அதே குறும்பெயர். பட்டியல் எடுப்பதில் விட்டுப்போனால் பெரிய பாதகமில்லை. டாஸ்க் உருவாக்கும் ஸ்கிரிப்டில் விட்டுப்போனால், அத்தனை டாஸ்க்கும் ஸ்கிரிப்ட் கணக்கின் பெர்சனல் இடத்தில் போய்க் குவியும். 200 டாஸ்க் போடும் முன் ஒன்றைப் போட்டு, ஒர்க்கர் கணக்கில் தெரிகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: கிளவுட் ஸ்டோரேஜ் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கோப்பு வரவில்லை

ஆர்கனைசேஷனில் ஸ்டோரேஜை இணைப்பது மெயின்டெய்னர் வேலை. சூப்பர்வைசர் அதைப் பார்த்து, அதிலிருந்து டாஸ்க் போடலாம். ஒர்க்கருக்கு அது தெரிய வேண்டிய தேவையே இல்லை. ஜாப்பில் உள்ள படங்களைச் சர்வர் எடுத்துத் தரும்.

இணைத்தும் உள்ளே பட்டியல் வரவில்லை என்றால் அமேசான் எஸ்3 பக்கம் போங்கள். பட்டியல் எடுக்கும் "லிஸ்ட்பக்கெட்" அனுமதியை பக்கெட்டின் (எஸ்3-ல் கோப்புகள் இருக்கும் இடம்) முகவரிக்கே கொடுக்க வேண்டும். படத்தை எடுக்கும் "கெட்ஆப்ஜெக்ட்" அனுமதியை, அதே முகவரிக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டையும் நட்சத்திர முகவரிக்கே எழுதிவிட்டால் லிஸ்ட்பக்கெட் எங்கும் பொருந்தாது. பாலிசி கோப்பு பார்க்கச் சரியாகவே இருக்கும், பட்டியல் மட்டும் வராது.

அறிகுறி: தெரிய வேண்டாதது தெரிகிறது

இதைப் பற்றி யாரும் புகார் தரமாட்டார்கள். நீங்களாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது டாஸ்க் அசைனி. ஜாப்பை அசைன் செய்ய வந்தவர், பக்கத்தின் மேலேயே பெரிதாக இருக்கும் டாஸ்க் அசைனி பெட்டியில் அனொட்டேட்டர் பெயரைப் போட்டுவிடுவார். வேலை நடக்கும், அதனால் கவனிக்கமாட்டோம். ஆனால் டாஸ்க் அசைனிக்கு அந்த டாஸ்க்கின் எல்லா ஜாப்பும் திறக்கும். தரத்தை அளக்க கிரவுண்ட் ட்ரூத் ஜாப் ஒன்றை உள்ளே வைத்திருந்தால் அதுவும் திறக்கும். அதாவது விடைத்தாள் தேர்வெழுதுபவர் கையில். பிறகு வரும் தர அறிக்கையில் 98 சதவீதம் என்று வந்தாலும் அதை நம்ப வழியில்லை. அனொட்டேட்டரின் பெயர் ஜாப் வரிசையில் மட்டுமே இருக்கட்டும். டாஸ்க் பெட்டியில் பொறுப்பாளர், அல்லது காலி.

அடுத்து, ஜாங்கோ அட்மினில் பயனர் பட்டியலைத் திறந்து, அட்மின் குழுவில் உள்ளவர்களை மட்டும் வடிகட்டுங்கள். அவசரத்துக்கு ஏற்றிவிட்டு இறக்க மறந்த பெயர்கள் அங்கே இருக்கும்.

பதிவுப் பக்கமும் கவனத்தில் இருக்கட்டும். சர்வர் முகவரி வெளியே திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம். உங்கள் ஆர்கனைசேஷனுக்குள் வர முடியாது என்றாலும், தன் பெர்சனல் இடத்தில் கோப்பேற்றி உங்கள் வட்டை நிரப்பலாம். சர்வரை விபிஎன்னுக்குப் பின்னாலோ ஃபயர்வாலுக்குப் பின்னாலோ வையுங்கள்.

அறிகுறி: வேலையை விட்டுப் போனவர் பெயர் இன்னும் ஜாப்பில் நிற்கிறது

ஜாங்கோ அட்மினில் அந்தக் கணக்கை அழிக்காதீர்கள். அழித்தால் அவர் உருவாக்கிய டாஸ்க்கின் ஓனர் இடமும், அவர் பெயரில் இருந்த ஜாப்பின் அசைனி இடமும் காலியாகும். எந்தப் படத்தை யார் குறித்தார் என்று பிறகு தேடினால் கிடைக்காது. தவறான குறியீட்டை ஒருவரின் பழக்கமாகக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டிய நாளில் அந்தப் பெயர் தேவைப்படும்.

அதற்குப் பதில் இந்த வரிசை. ஜாப் பக்கத்தில் அசைனி அவர் பெயர், ஸ்டேட் கம்ப்ளீட்டட் அல்லாதது என்று வடிகட்டி, மிச்ச வேலையை வேறு ஆளுக்கு மாற்றுங்கள். முடித்த ஜாப்களில் அவர் பெயர் அப்படியே இருக்கட்டும். அவர் ஏதாவது புராஜெக்ட்டின் அசைனியாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். பிறகு ஜாங்கோ அட்மினில் அவர் பக்கத்தைத் திறந்து "ஆக்டிவ்" டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். அதன் பிறகு அவரால் லாகின் செய்ய முடியாது. திறந்து வைத்திருந்த உலாவியும், அவர் டோக்கனை வைத்து ஓடிய ஸ்கிரிப்டும் அப்போதே நின்றுவிடும். இரவில் தானாக ஓடும் ஏற்றுமதி ஸ்கிரிப்ட் எதுவும் அவர் கணக்கில் ஓடவில்லை என்பதை டிக்கை எடுக்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.